எட்வர்ட் பொஸ்கவென்

எட்வர்ட் பொஸ்கவென் (ஆகஸ்ட் 19, 1711 - ஜனவரி 10, 1761) பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த பிரித்தானியக் கடற்படைத் தளபதி ஆவார். 1748 ஆம் ஆண்டில் புதுச்சேரியை முற்றுகையிட்டுத் தோல்வியுற்றவர் என்ற முறையிலும், 1749 இல் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து சென்னையைத் திரும்பப் பெற்றுக்கொண்டவர் என்ற முறையிலும் தமிழக வரலாற்றில் இவர் பெயர் இடம்பெறுகிறது. 1759 இல் போர்த்துக்கல் நாட்டின் லாகோஸ் அருகே நடந்த கடற்போரில் பிரெஞ்சுக் கடற்படையின் ஐந்து பெரும் போர்க்கப்பல்களை அழித்தும் கைப்பற்றியும் இவர் பெற்ற வெற்றி ஏழாண்டுப் போரின் போக்கை மாற்றிய நிகழ்வுகளுள் ஒன்று. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்னர், கடலூருக்கும் கொள்ளிடம் ஆற்றின் முகத்துவாரத்திற்கும் இடைப்பட்ட கடலில், எதிரி எவரும் இல்லாமலேயே தம் கொடிக்கப்பலையும் பல நூறு மாலுமிகளையும் ஒரே இரவில் இழந்தவரும் இவரே. பாய்மரக் காலத்துக் கடற்படைகள் பெருமளவில் கப்பல்களை இழந்தது எதனால் என்பதை அறிய இவ்விரு நிகழ்வுகளும் உதவுகின்றன.

இங்கிலாந்து 1752 ஆம் ஆண்டு வரை பழைய யூலியன் நாட்காட்டியைப் பின்பற்றியது. ஆதலால் அவ்வாண்டுக்கு முற்பட்ட நாட்கள் இக்கட்டுரையில் அந்நாட்காட்டிப்படி தரப்பட்டுள்ளன. இன்றைய நாட்காட்டிக்கு அவற்றுடன் 11 நாட்களைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

இளமையும் தொடக்கக் காலப் பணியும்

பொஸ்கவென் இங்கிலாந்தின் தென்மேற்கு முனையிலுள்ள கார்ன்வால் பகுதியில், டிரிகோத்னன் என்னும் இடத்தில் பிறந்தார். முதலாம் பால்மவுத் பிரபு ஹியூ பொஸ்கவென் இவருடைய தந்தை. செல்வமும் அரசியல் செல்வாக்கும் மிக்க குடும்பத்தின் மூன்றாவது மகனாகிய இவர், 1726 இல் சிறுவனாகவே கடற்படையில் சேர்ந்தார். 1732 இல் லெப்டினன்ட் பதவி பெற்றார்.

1739 இல் ஸ்பெயினுடன் போர் மூண்டபோது, கரிபியக் கடலில் போர்ட்டோ பெல்லோ துறைமுகத்தைத் தாக்கச் சென்ற வெர்னனின் படையில் இவர் இருந்தார். தமது கப்பல் பயணத்திற்கு ஏற்ற நிலையில் இல்லாததால், தன்னார்வலராக இப்படையெடுப்பில் கலந்துகொண்டார். 1741 இல் கார்த்தகேனா நகர் மீது நடந்த தாக்குதலில் பீரங்கி மேடை ஒன்றைக் கைப்பற்றிய குழுவுக்குத் தலைமை தாங்கினார். 1742 இல் பிரான்சிஸ் கிளான்வில் என்பவரை மணந்தார். அவ்வாண்டிலேயே டுரூரோ தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராகத் தேர்வு பெற்று, இறக்கும் வரை அப்பொறுப்பில் இருந்தார்.

1744 இல் டிரெட்நாட் என்னும் கப்பலின் தலைவராக இருந்தபோது மெதே என்னும் பிரெஞ்சுப் பிரிகேட்டைக் கைப்பற்றினார். அஞ்சாதவர் என்று பொருள்படும் அக்கப்பலின் பெயரையே மாலுமிகள் இவருக்குப் பட்டப்பெயராகச் சூட்டினர். மே 3, 1747 அன்று பினிஸ்டர் முனைக்கு அப்பால் நடந்த போரில் 74 பீரங்கிகள் கொண்ட நமூர் கப்பலுக்குத் தலைமை தாங்கிய இவர் தோளில் குண்டு பாய்ந்து காயமுற்றார். அப்போரில் பெற்ற வெற்றியைத் தொடர்ந்து இவருக்குத் துணைத் தளபதி நிலையிலான அட்மிரல் பதவி கிடைத்தது.

இந்தியப் பயணமும் புதுச்சேரி முற்றுகையும்

1746 இல் லா பூர்தொன்னே தலைமையிலான பிரெஞ்சுப் படை சென்னையைக் கைப்பற்றியிருந்தது. இதனால் சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயரின் தலைமையிடம் கடலூருக்கு அருகே தேவனாம்பட்டினத்தில் இருந்த புனித டேவிட் கோட்டைக்கு மாறியது. இந்நிலையை மாற்ற இங்கிலாந்து அரசு 1747 இன் இறுதியில் பொஸ்கவெனை ஒரு பெரும் கப்பற்படையுடன் அனுப்பியது. கடற்படை, தரைப்படை இரண்டிற்கும் ஒருவரே தலைவராக நியமிக்கப்பட்டது அக்காலத்தில் அரிதான ஒன்றாகும்.

வழியில் மொரீசியசுத் தீவைத் தாக்க எண்ணிய இவர், அங்கிருந்த காவலும் கரையின் அமைப்பும் கண்டு அத்திட்டத்தைக் கைவிட்டார். ஜூலை 29, 1748 அன்று புனித டேவிட் கோட்டையை அடைந்து, ஆகஸ்டில் புதுச்சேரியை நோக்கிப் புறப்பட்டார். ஐரோப்பியக் கடல் வீரர்களும் தரைப்படையினரும் இந்தியச் சிப்பாய்களுமாக இவரிடம் ஏறத்தாழ 6,000 பேர் இருந்தனர்.

முற்றுகை தொடக்கத்திலேயே தடைபட்டது. நகருக்குத் தெற்கே இருந்த அரியாங்குப்பம் என்னும் சிறு கோட்டையைப் பிடிக்கவே பல நாட்கள் சென்றன. பின்னர் அகழிகள் கோட்டை மதிலிலிருந்து மிகத் தொலைவில் தோண்டப்பட்டன. இடையில் சேற்று நிலம் இருந்ததால் அவற்றை முன்னே கொண்டுசெல்ல முடியவில்லை. கரையோரக் கடல் ஆழமற்றது என்பதால் பெரிய கப்பல்கள் நகருக்கு அருகில் வர இயலவில்லை. தொலைவிலிருந்து சுட்ட குண்டுகள் பயனளிக்கவில்லை. ஆளுநர் துய்ப்ளே உறுதியுடன் எதிர்த்து நின்றார். அவருடைய துபாசியான ஆனந்தரங்கப் பிள்ளை தமிழில் எழுதிய நாட்குறிப்பு, நகருக்குள் இருந்தோர் இம்முற்றுகையை எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதை நாள்தோறும் பதிவு செய்துள்ளது.

வடகிழக்குப் பருவமழை நெருங்கியதும் நோய் பரவியது. அக்டோபர் தொடக்கத்தில் பொஸ்கவென் முற்றுகையைக் கைவிட்டுப் பின்வாங்கினார். ஆயிரத்திற்கும் மேற்பட்ட ஐரோப்பியரை ஆங்கிலத் தரப்பு இழந்திருந்தது. அவர்களுள் பலர் போரில் அன்றி நோயினால் மாண்டவர்கள். இம்முற்றுகையில் பங்கேற்ற இளம் அதிகாரிகளுள் ராபர்ட் கிளைவும் ஒருவர்.

1749 ஏப்ரல் புயல்

ஐரோப்பாவில் அமைதி உடன்படிக்கை ஏற்பட்டுவிட்ட போதிலும், சென்னையை ஒப்படைக்கும் ஏற்பாடுகள் முடியும் வரை பொஸ்கவென் சோழமண்டலக் கரையிலேயே தங்க வேண்டியிருந்தது. அவ்வேளையில் தஞ்சை மராத்திய அரசுரிமையை இழந்திருந்த சாகுஜி ஆங்கிலேயரின் உதவியை நாடினார். தமக்கு அரியணை கிடைத்தால் கொள்ளிடத்தின் முகத்துவாரத்திலுள்ள தேவிக்கோட்டையை அவர்களுக்குத் தருவதாக அவர் வாக்களித்தார். அரசாண்ட பிரதாப் சிங்குக்கு எதிராக 1749 வசந்தத்தில் கேப்டன் கோப் தலைமையில் ஒரு படை கடலூரிலிருந்து தரைவழியே தெற்கு நோக்கிச் சென்றது. அதற்குத் துணையாகக் கப்பல்களும் அனுப்பப்பட்டன.

இவ்வழியில் இரு ஆறுகள் குறுக்கிடுகின்றன. ஸ்ரீமுஷ்ணம், சேத்தியாத்தோப்பு பகுதிகளை ஒட்டி வரும் வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலில் கலக்கிறது. அதற்குத் தெற்கே, சிதம்பரத்தைத் தாண்டினால் கொள்ளிடம். ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் மாசி மகத் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும் கிள்ளைக் கடற்கரை இவ்விரு முகத்துவாரங்களுக்கும் இடையில் உள்ளது. கழிமுகங்களும் மணல்திட்டுகளும் நிறைந்த இக்கரையில் கட்டுமரங்களும் சிறு தோணிகளும் எளிதில் ஒதுங்கலாம். ஆழமாக மிதக்கும் போர்க்கப்பல் ஒதுங்குவதற்கு இடமில்லை.

ஏப்ரல் 13 ஆம் நாள் இரவு கடும் புயல் வீசியது. பரங்கிப்பேட்டைக்கு அருகே பாசறை அமைத்திருந்த கோப்பின் படையின் கூடாரங்கள் காற்றில் பறந்தன. வண்டி மாடுகள் பல இறந்தன. கடலில் நிலைமை இதைவிடக் கொடியதாக இருந்தது. நமூர் தேவிக்கோட்டைக்கு அருகே மூழ்கியது. அதில் இருந்தோருள் 500 க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 60 பீரங்கிகள் கொண்ட பெம்புரோக் கரையில் மோதிச் சிதைந்து, 300 க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அப்பல்லோ என்னும் மருத்துவக் கப்பலும், கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சொந்தமான லிங்கன், வின்செல்சி ஆகிய கப்பல்களும் அழிந்தன. பொஸ்கவென் அன்றிரவு கரையில் இருந்ததால் உயிர் பிழைத்தார். படையின் பிற கப்பல்களுள் பெரும்பாலானவை திருகோணமலையிலும் புயலின் முழு வேகம் எட்டாத பிற இடங்களிலும் இருந்தமையால் தப்பின.

இழப்பின் காரணங்கள்

இப்பேரிழப்புக்குப் பின்வரும் காரணங்களைக் கூறலாம்.

இயற்கைத் துறைமுகம் இன்மை: சென்னை, புதுச்சேரி, கடலூர் ஆகிய மூன்று இடங்களிலும் அக்காலத்துப் பெரிய கப்பல்கள் திறந்த கடலிலேயே நங்கூரமிட்டு நின்றன. ஆற்று முகத்துவாரங்களின் மணல்திட்டுகளைத் தாண்டி அவை உள்ளே வர இயலாது. ஆட்களும் சரக்கும் மசூலாப் படகுகளிலேயே கரைக்கு வந்து சேர்ந்தன. அருகிலிருந்த பாதுகாப்பான பெருந்துறைமுகம் இலங்கையின் திருகோணமலையே ஆகும்.

எதிர்பாராத பருவம்: இக்கரையின் ஆபத்துக் காலம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை என்பது அனைவரும் அறிந்ததே. 1746 அக்டோபரில் சென்னைக்கு அப்பால் லா பூர்தொன்னேயின் கப்பல்கள் புயலில் சிக்கிப் பெருஞ்சேதம் அடைந்திருந்தன. இதனால் கப்பற்படைகள் அக்டோபர் மாதத்திற்குள் கரையை விட்டு நீங்குவது வழக்கம். கோடையின் தொடக்கமாகிய ஏப்ரலில் வங்கக்கடலில் புயல் உருவாவது குறைவு. ஆயினும் அது நிகழக்கூடியதே.

முன்னறிவிப்பு இன்மை: காற்றழுத்தமானி கப்பல்களில் வழக்கத்திற்கு வராத காலம் அது. காற்று வலுத்த பின்னரே ஆபத்து தெரிந்தது.

காற்றின் திசை: கடலிலிருந்து கரை நோக்கி வீசும் புயற்காற்றை எதிர்த்துப் பாய்மரக் கப்பல் வெளிக்கடலுக்குச் செல்வது மிகக் கடினம். நங்கூரத்தை நம்பி நின்றால் கயிறு அறுந்து கரையில் மோதும்; கயிற்றை வெட்டிக்கொண்டு கிளம்பினால், கரையைக் கடந்து விலகப் போதிய கடல்வெளி வேண்டும். இவ்விரு வழிகளுள் ஒன்றைப் புயல் முற்றுவதற்கு முன்னரே தெரிவு செய்தாக வேண்டும்.

தேவிக்கோட்டையும் சென்னையும்

கோப்பின் படை கொள்ளிடக் கரையை அடைந்தபோது தனக்கு உதவ வேண்டிய கப்பல்களைக் காணவில்லை. அது வெறுங்கையுடன் திரும்பியது. சில வாரங்களுக்குப் பின் மேஜர் ஸ்டிரிங்கர் லாரன்ஸ் தலைமையில் மற்றொரு படை கடல்வழியே அனுப்பப்பட்டது. கிளைவ் பங்கேற்ற இத்தாக்குதலில் தேவிக்கோட்டை வீழ்ந்தது. பின்னர் பிரதாப் சிங் ஆங்கிலேயருடன் உடன்பாடு செய்துகொண்டு கோட்டையை அவர்களுக்கே விட்டுக்கொடுத்தார். சாகுஜி உதவித்தொகை பெறும் நிலையிலேயே நின்றார்.

1749 ஆகஸ்டில் பொஸ்கவென் சென்னையைப் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பெற்றுக்கொண்டார். அதை அடுத்துச் சாந்தோமையும் ஆங்கிலேயர் வசமாக்கினார். அதே காலத்தில் ஆம்பூர்ப் போரில் ஆற்காட்டு நவாப் அன்வருத்தீன் கொல்லப்பட்டு, கர்நாடகத்தில் துய்ப்ளேயின் கை ஓங்கியது. இந்நிலையிலும் பொஸ்கவென் தம் படையுடன் 1749 இன் இறுதியில் தாயகம் திரும்பினார். அவருடைய கப்பல்கள் சென்ற பின்னர் இக்கரையில் துய்ப்ளே மேலும் துணிவுடன் செயல்பட்டார்.

வட அமெரிக்கப் போர்கள்

1751 இல் பொஸ்கவென் கடற்படை ஆட்சிக் குழுவின் உறுப்பினரானார். 1755 இல், போர் முறையாக அறிவிக்கப்படுவதற்கு முன்னரே, கனடாவுக்குச் சென்ற பிரெஞ்சுப் படைக் கப்பல்களைத் தடுக்க அனுப்பப்பட்டார். மூடுபனியில் பெரும்பாலான கப்பல்கள் தப்பிவிட, அல்சீது, லிஸ் என்னும் இரண்டை மட்டுமே இவரால் பிடிக்க முடிந்தது. அல்சீதின் தலைவர் ஒக்கார், 1744 இலும் 1747 இலும் பொஸ்கவென் பங்கேற்ற போர்களில் பிடிபட்டவர். இப்போது மூன்றாம் முறையாகச் சிறைப்பட்டார். இப்பயணத்தில் பரவிய காய்ச்சலால் ஆங்கிலப் படையின் மாலுமிகள் பெருந்தொகையில் மாண்டனர்.

1758 இல் கனடாவின் லூயிபூர்க் கோட்டையை ஜெப்ரி அம்ஹர்ஸ்டின் தரைப்படையுடன் சேர்ந்து இவர் முற்றுகையிட்டார். கோட்டைத் துறைமுகத்திற்குள் ஐந்து பிரெஞ்சுப் பெரும் போர்க்கப்பல்கள் அடைபட்டுக் கிடந்தன. ஜூலை 21 அன்று கரையிலிருந்து வந்த குண்டு ஒன்று அவற்றுள் ஒன்றில் தீ மூட்ட, அத்தீ அடுத்திருந்த இரண்டிற்கும் பரவி மூன்றும் எரிந்தன. சில நாட்களுக்குப் பின் இரவில் படகுகளில் சென்ற ஆங்கில மாலுமிகள் எஞ்சிய இரண்டுள் ஒன்றை எரித்து, மற்றொன்றைக் கைப்பற்றினர். கோட்டை சரணடைந்தது. வெளியேறும் வழி அடைபட்டால் துறைமுகமும் கப்பலுக்குக் காப்பாகாது என்பதை இந்நிகழ்வு காட்டியது.

லாகோஸ் போர் (1759)

பின்னணி

1759 இல் பிரான்சு இங்கிலாந்தின் மீது நேரடியாகப் படையெடுக்கத் திட்டமிட்டது. அதற்கு மத்தியதரைக் கடலில் துலோன் துறைமுகத்தில் இருந்த கப்பற்படை, அட்லாண்டிக் கரையில் பிரெஸ்ட் துறைமுகத்தில் இருந்த படையுடன் இணைய வேண்டும். துலோன் படைக்குத் தலைவர் லா குளூ. அவரைத் தடுப்பது பொஸ்கவெனின் பணி. 1749 இல் மூழ்கிய கப்பலின் பெயரையே தாங்கி 1756 இல் கட்டப்பட்ட, 90 பீரங்கிகள் கொண்ட புதிய நமூர் இப்போது இவருடைய கொடிக்கப்பலாக இருந்தது.

துலோனுக்கு வெளியே நெடுநாள் காத்திருந்த ஆங்கிலக் கப்பல்களுக்குத் தண்ணீரும் பழுதுபார்ப்பும் தேவைப்பட்டன. ஆகஸ்டு தொடக்கத்தில் அவை ஜிப்ரால்ட்டர் சென்றன. இந்த இடைவெளியில் லா குளூ 12 பெரும் போர்க்கப்பல்களுடனும் 3 பிரிகேட்டுகளுடனும் துலோனை விட்டுக் கிளம்பினார். ஆகஸ்ட் 17 மாலையில் அவருடைய படை ஜிப்ரால்ட்டர் நீரிணையைக் கடப்பதை ஆங்கிலக் காவற்கப்பல் ஒன்று கண்டது. பாய்கள் கட்டப்படாமலும் பழுது முடியாமலும் பல ஆங்கிலக் கப்பல்கள் நின்றன. எனினும் சில மணி நேரத்திற்குள் பொஸ்கவெனின் படை இருளில் கடலுக்குள் புறப்பட்டது.

போரின் போக்கு

பிரெஞ்சுக் கப்பல்கள் முதலில் ஸ்பெயினின் காதிஸ் துறைமுகத்தில் கூடுவதாக இருந்தது. தாம் காணப்பட்டுவிட்டதை உணர்ந்த லா குளூ, காதிசுக்குச் செல்லாமல் நேரே மேற்கே விரைந்து அட்லாண்டிக்கிற்குள் செல்ல முடிவு செய்தார். இரவில் தரப்பட்ட இந்தப் புதிய ஆணை எல்லாக் கப்பல்களுக்கும் போய்ச் சேரவில்லை. ஐந்து பெரும் போர்க்கப்பல்களும் மூன்று பிரிகேட்டுகளும் பழைய ஆணைப்படி காதிசுக்குத் திரும்பிவிட்டன. விடிந்தபோது லா குளூவுடன் ஏழு கப்பல்களே இருந்தன.

ஆகஸ்ட் 18 காலையில் கிழக்கே சில பாய்கள் தென்பட்டன. பிரிந்துபோன தம் கப்பல்களே வருகின்றன என்று கருதி லா குளூ காத்திருந்தார். பாய்களின் எண்ணிக்கை பெருகிய பின்னரே அவை எதிரியின் கப்பல்கள் என்பது தெரிந்தது. பிற்பகலில் போர் தொடங்கியது. பிரெஞ்சு வரிசையின் கடைசியில் வந்த 74 பீரங்கிகள் கொண்ட சாந்தோர், பல ஆங்கிலக் கப்பல்களைத் தனியாக எதிர்த்துப் பல மணி நேரம் போரிட்டு, பாய்மரங்கள் வீழ்ந்த பின்னரே பணிந்தது. பொஸ்கவெனின் நமூரும் பின்பாய்மரத்தை இழந்தது. அவர் படகில் ஏறி நியூவார்க் என்னும் கப்பலுக்குத் தம் கொடியை மாற்றினார். ஆங்கிலக் கப்பல்கள் பலவும் சாந்தோரைச் சுற்றியே தங்கிவிட்டதால், முன்னே சென்ற பிரெஞ்சுக் கப்பல்களை அன்று மடக்க இயலவில்லை.

அன்றிரவு சுவெரேன், கெரியே ஆகிய இரு கப்பல்கள் தனியே விலகித் தப்பின. எஞ்சிய நான்கும் மறுநாள் காலை போர்த்துக்கல் கரையை ஒட்டிய கடலுக்குள் புகுந்தன. போர்த்துக்கல் நடுநிலை நாடு. அதன் பீரங்கிகளின் எல்லைக்குள் எதிரி தாக்கமாட்டான் என்பது அவர்களின் எதிர்பார்ப்பு. லா குளூவின் கொடிக்கப்பலாகிய ஓசேயான் பாய்களை விரித்தபடியே வேகமாகக் கரையில் ஏற்றப்பட்டது. மோதிய அதிர்ச்சியில் அதன் பாய்மரங்கள் முறிந்து விழுந்தன. ரெதூத்தாபிளும் கரையில் ஏறியது. தெமெரேரும் மொதெஸ்தும் கோட்டைகளின் அருகே நங்கூரமிட்டன. பொஸ்கவென் நடுநிலை எல்லையைப் பொருட்படுத்தவில்லை. ஓசேயானும் ரெதூத்தாபிளும் எரிக்கப்பட்டன. மற்ற இரண்டும் கைப்பற்றப்பட்டன. கடுங்காயமுற்ற லா குளூ முன்னரே கரைக்குக் கொண்டுசெல்லப்பட்டிருந்தார்.

ஆங்கிலத் தரப்பில் 56 பேர் இறந்தனர்; அவர்கள் எந்தக் கப்பலையும் இழக்கவில்லை. பிற்காலத்தில் அடிமை ஒழிப்புக்காகக் குரல் கொடுத்த ஒலாடா எக்குவியானோ, அப்போது ஓர் அதிகாரியின் அடிமைச் சிறுவனாக நமூரில் பீரங்கிகளுக்கு வெடிமருந்து சுமந்தார். 1789 இல் வெளியான தன்வரலாற்றில் இப்போரை அவர் விவரித்துள்ளார்.

பிரெஞ்சு இழப்பின் காரணங்கள்

ஆணை மாற்றம்: கூடுமிடத்தை இருளில் மாற்றியதும், அம்மாற்றம் உறுதியாகத் தெரிவிக்கப்படாததும் 12 கப்பல்களை ஏழாகக் குறைத்தன. விளக்குகளாலும் பீரங்கி ஒலியாலும் தரப்படும் இரவுச் சைகைகள் அக்காலத்தில் மிகவும் குறைபாடு உடையவை. எதிரி அருகில் இருக்கும்போது அவற்றைப் பயன்படுத்துவதும் ஆபத்து.

அடையாளம் தவறியமை: எதிரியைத் தம்மவர் எனக் கருதிக் காத்திருந்த காலை நேரமே, ஆங்கிலேயர் நெருங்கி வரக் கிடைத்த வாய்ப்பாயிற்று.

வேகம்: ஒன்றாகச் செல்லும் படையின் வேகம் அதன் மிக மெதுவான கப்பலின் வேகமே. சுவெரேனின் மந்த ஓட்டம் மற்ற கப்பல்களையும் பின்னிழுத்தது. துரத்தி வந்த ஆங்கிலக் கப்பல்களுக்குக் கிழக்கிலிருந்து நல்ல காற்றும் கிடைத்தது.

மாலுமிகள் பற்றாக்குறை: 1755 முதல் ஆங்கிலேயர் பிரெஞ்சு வணிகக் கப்பல்களைப் பிடித்து ஆயிரக்கணக்கான கடலோடிகளைச் சிறைப்படுத்தியிருந்தனர். அதனால் பிரெஞ்சுப் போர்க்கப்பல்களுக்குப் பயிற்சி பெற்ற ஆட்கள் போதவில்லை.

புகலிடம் இன்மை: ஐந்து கப்பல்களுள் பீரங்கிப் போரில் வீழ்ந்தது சாந்தோர் ஒன்றே. மற்ற நான்கும் தமக்குரிய துறைமுகம் எட்டாத நிலையில், பிறநாட்டுக் கரையின் நடுநிலையை நம்பி ஒதுங்கியதால் இழக்கப்பட்டவை. காதிசுக்குச் சென்ற ஐந்தும் அங்கே முற்றுகையில் அடைபட்டாலும் அழியாமல் எஞ்சின.

விளைவுகள்

துலோன் படை சிதறியதால் பிரெஸ்டில் இருந்த படை தனித்து நின்றது. நவம்பர் 20, 1759 அன்று கிபெரோன் விரிகுடாவில் புயலுக்கு நடுவே நடந்த போரில் அதுவும் முறியடிக்கப்பட்டது. இங்கிலாந்து மீதான படையெடுப்புத் திட்டம் கைவிடப்பட்டது. நடுநிலை மீறப்பட்டதற்குப் போர்த்துக்கல் எதிர்ப்புத் தெரிவித்தது. இங்கிலாந்து தூதர் ஒருவரை அனுப்பி வருத்தம் தெரிவித்தது. கப்பல்கள் மட்டும் திருப்பித் தரப்படவில்லை.

இத்தோல்விகள் தமிழகத்தையும் பாதித்தன. 1758 ஜூனில் லாலி புனித டேவிட் கோட்டையைக் கைப்பற்றி இடித்திருந்தார். ஆனால் 1759 செப்டம்பரில் போக்காக்குடன் நடந்த போருக்குப் பின் பிரெஞ்சுத் தளபதி தாஷே தம் கப்பல்களுடன் இக்கரையை விட்டு நீங்கி, பின்னர் திரும்பவில்லை. ஐரோப்பாவில் கடற்படை சிதைந்திருந்த நிலையில் அங்கிருந்தும் புதுச்சேரிக்குப் போதிய உதவி வர வழியில்லை. 1760 ஜனவரியில் வந்தவாசியில் லாலி தோற்றார். ஆங்கிலேயர் கடலிலும் தரையிலும் புதுச்சேரியைச் சூழ்ந்தனர்.

அம்முற்றுகையின்போது 1749 இன் நிகழ்வு அதே கரையில் மீண்டும் நேர்ந்தது. 1761 ஜனவரி முதல் நாளில் வீசிய புயலில் டியூக் டி அக்கிட்டைன், சண்டர்லாந்து ஆகிய ஆங்கிலக் கப்பல்கள் மூழ்கின. மேலும் மூன்று கப்பல்கள் கரையில் மோதி உடைந்தன. ஆனால் இதைப் பயன்படுத்திக்கொள்ள அருகில் பிரெஞ்சுக் கப்பற்படை எதுவும் இல்லை. சில நாட்களிலேயே ஆங்கிலக் கப்பல்கள் மீண்டும் திரண்டன. அம்மாத நடுவில் புதுச்சேரி சரணடைந்தது.

இறுதிக் காலம்

லாகோஸ் வெற்றிக்குப் பின் பொஸ்கவெனுக்கு மரைன் படையின் ஜெனரல் பதவியும் ஆண்டுக்கு 3,000 பவுன் ஊதியமும் வழங்கப்பட்டன. 1760 இல் பிரான்சின் மேற்குக் கரையை முற்றுகையிட்ட படைக்கு இவர் தலைமை தாங்கினார். அப்போது அருகிலிருந்த சிறு தீவு ஒன்றில் தோட்டமிட்டு, சொறிகரப்பான் நோயைத் தவிர்க்க மாலுமிகளுக்குக் காய்கறிகள் விளைவித்தார். புதுச்சேரியிலும் வட அமெரிக்காவிலும் எதிரியின் குண்டுகளைவிட நோயால் கூடுதல் ஆட்களை இழந்தவர் இவர்.

ஜனவரி 10, 1761 அன்று சர்ரேயில் ஹேட்ச்லண்ட்ஸ் என்னும் தமது மாளிகையில் காய்ச்சலால் இறந்தார். அப்போது இவருக்கு வயது 49. புதுச்சேரிக்கு அப்பால் நடந்த கப்பல் அழிவோ, அந்நகரின் வீழ்ச்சியோ இவரை எட்டியிருக்க முடியாது. இந்தியாவிலிருந்து செய்தி இங்கிலாந்தை அடைய அக்காலத்தில் பல மாதங்கள் ஆகும். இவருடைய உடல் கார்ன்வாலில் செயின்ட் மைக்கேல் பென்கெவில் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. ராபர்ட் ஆடம் வடிவமைத்து ரைஸ்பிராக் செதுக்கிய நினைவுச்சின்னம் அங்கு உள்ளது.

பிற்காலத் தாக்கம்

லாகோசில் கைப்பற்றப்பட்ட தெமெரேர் ஆங்கிலக் கடற்படையில் சேர்க்கப்பட்டது. அதன் பெயரைத் தாங்கிய பிந்தைய கப்பல் ஒன்று 1805 இல் டிரபல்கர் போரில் பங்கேற்றது. ஓவியர் டர்னரின் புகழ்பெற்ற ஓவியம் அப்பிந்தைய கப்பலைப் பற்றியதே. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்சயர் மாநிலத்தில் பொஸ்கவென் என்னும் ஊர் இவர் பெயரால் வழங்குகிறது.

லாகோசில் எரிக்கப்பட்ட ஓசேயானில் சுஃப்ரென் என்னும் இளம் அதிகாரி பணியாற்றி, ஆங்கிலேயரிடம் சிறைப்பட்டார். 1781 இல் அவர் ஆங்கிலக் கப்பல்களைப் போர்த்துக்கல்லுக்கு உரிய போர்ட்டோ பிராயாவில் நங்கூரமிட்ட நிலையிலேயே தாக்கினார். இதை லாகோசில் அவர் பெற்ற அனுபவத்துடன் வரலாற்றாசிரியர்கள் இணைத்துப் பார்ப்பதுண்டு. பின்னர் இந்தியா வந்த அவர், 1782 இல் திருகோணமலைத் துறைமுகத்தைக் கைப்பற்றி, இக்கரையில் பிரெஞ்சுக் கடற்படைக்கு இல்லாதிருந்த புகலிடத்தைத் தேடிக்கொண்டார். ஆயினும் அவ்வாண்டு அக்டோபரில் அவருடைய பிசார் என்னும் கப்பல் கடலூருக்கு அருகே தரைதட்டி அழிந்தது. ஜூன் 20, 1783 அன்று கடலூருக்கு அப்பால் அவர் 15 கப்பல்களுடன் ஹியூசின் 18 கப்பல்களை எதிர்த்துப் போரிட்டு, முற்றுகையிலிருந்த நகருக்குக் கடல்வழியைத் திறந்தார். அப்போரில் இரு தரப்பும் ஒரு கப்பலைக்கூட இழக்கவில்லை.